கப்சிப் மோட்டார்

வேலையில் சேருகிற அன்றைக்கே, வேலை கற்றுக்கொடுக்க வேண்டியவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் எப்படி இருக்கும்? தமிழ்வாணனுக்கு அப்படித்தான் ஆயிற்று. புதுச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் டிப்ளமோ சான்றிதழ் என்று மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றவனை, அஜித்குமார் என்கிற மெக்கானிக் ஏற இறங்கப் பார்த்தான். தன் கையிலிருந்த ஸ்பேனரை அவன் கையில் திணித்தான். "இனிமே இது உன் தலைவலிப்பா" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தான், போயே போய்விட்டான். பழவேற்காடு கடைத்தெருவுக்குப் பின்னால், முன்பு ஐஸ் அடுக்கி வைத்திருந்த கொட்டகைதான் கம்பெனி. உள்ளே தரை முழுக்க மோட்டார்கள் பிரித்துப் போட்டபடி கிடந்தன.

அந்த மோட்டாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏரியில் ஓடும் சின்னப் படகுகளின் பின்பக்கம் மாட்டுகிற பேட்டரி மோட்டார் அது. டீசல் வேண்டாம், புகை வராது, முக்கியமாகச் சத்தம் வராது. பானுப்ரியா என்கிற இன்ஜினியரம்மாவின் மூளையில் உதித்தது. சென்னையில் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு இதற்காகவே பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். கெட்டிக்காரர்தான், ராசி மட்டும் கொஞ்சம் மட்டம். சும்மா ஓட்டிப் பாருங்கள் என்று மோட்டாரைக் கொடுத்தால், வாங்கிப் போனவர்கள் மறுவாரமே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். தண்ணீருக்குள் சுற்றும் விசிறியில் ஏரிப் பாசியெல்லாம் வந்து சுற்றிக்கொண்டது. உப்பு ஒயருக்குள் புகுந்து அரித்தது. வேலைக்கு இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மேடமும் தமிழ்வாணனும் மட்டும்தான் மிச்சம். ஏரிக்கரைக் குப்பத்து ஜனங்கள் அதற்கு கப்சிப் மோட்டார் என்று பேர் வைத்துச் சிரித்தார்கள்.

தமிழ்வாணனுக்குச் சொந்த ஊர் திருப்பாலைவனம். அப்பா சிவகுமார் நெல் விவசாயி. ஏரி என்னவோ பக்கத்தில்தான், ஆனால் அந்தத் தண்ணீரில் அவன் காலை நனைத்ததில்லை. கோரைமேட்டுக் குப்பத்தில் முதல் தடவை படகில் ஏறும்போது செருப்போடு ஏறிவிட்டான். அங்கே சாமி கும்பிட்டுத்தான் படகைத் தள்ளுவார்கள். செருப்புக் காலோடு பச்சைப்பிள்ளைகூட ஏறாது. படகுக்காரர் சின்னதம்பி திட்டவில்லை. "இன்னா நெல்லு, களத்துமேட்டுக்கா வந்துகீற?" என்று மட்டும் கேட்டார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் குப்பத்தில் அவன் பேர் நெல்லு.

அந்தச் சின்னதம்பி ஒருத்தர்தான் மோட்டாரைத் திருப்பித் தராமல் வைத்திருந்தார். டீசல் இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவர் காதுக்குள் எந்நேரமும் ஒரு வண்டு ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்ததாம். இந்த மோட்டாரில் போனால் வண்டு தூங்கிவிடுகிறது என்பார். மீன் துள்ளுகிற சத்தம் கேட்கிறதாம், கொக்கு தண்ணீரில் கால் வைக்கிற சத்தம்கூடக் கேட்கிறதாம். இப்படி ரசிக்கிற ஒரே ஒரு வாடிக்கைக்காரரை நம்பித்தான் கம்பெனியின் மூச்சே ஓடிக்கொண்டிருந்தது.

தமிழ்வாணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும், படுத்தால் தூக்கம் பிடிக்காது. கூடப் படித்தவர்களெல்லாம் ஓரகடத்திலும் ஸ்ரீசிட்டியிலும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ஏசி பஸ்ஸில் போகிற போட்டோவை போனில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இவனோ இடுப்பளவு தண்ணீரில் நின்று விசிறியிலிருந்து பாசியை உருவிக்கொண்டிருந்தான். ஆளிச்சிப்பி கிழித்துப் பாதமெல்லாம் வரிவரியாகக் கோடு. ஐப்பசி மழையிலும் அதே வேலை, கார்த்திகை மழையிலும் அதே வேலை. விசிறியின் ஓரத்தைத் தேய்ப்பான், மாட்டுவான், பாசிக்குள் விடுவான், நிற்கும், மறுபடி கழற்றுவான். தினமும் சாயங்காலம், நாளையிலிருந்து வர மாட்டேன் என்று மேடத்திடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்வான். காலையில் விடிந்ததும், விசிறியை இன்னும் கொஞ்சம் சாய்த்துத் தேய்த்தால் என்ன என்று ஒரு யோசனை வந்து தொலைக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று பைக்கை எடுப்பான்.

கார்த்திகை முடியும்போது அந்தப் பாழாய்ப்போன மோட்டார் பாசியைக் கிழித்துக்கொண்டு ஓடியது. சின்னதம்பி படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து காட்டினார். குப்பத்துத் தலைவர் கண்ணப்பன் அதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு மேடத்திடம் ஒரு வார்த்தை சொன்னார். மார்கழி முழுக்க எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடட்டும், தை பிறந்ததும் குப்பத்தில் பாதிப் படகுக்கு இதையே மாட்டிக்கொள்கிறோம் என்றார். மேடம் கொட்டகைக்குத் திரும்பியதும் தமிழ்வாணனை உட்காரவைத்துப் பேசினார். இது நடந்தால் கம்பெனி பிழைக்கும், நடக்காவிட்டால் பொங்கலோடு கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

அதே வாரம் அவன் அப்பாவும் ஒரு கெடு வைத்தார். ஓரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் பெரியப்பா மகன், பொங்கல் கழிந்ததும் வந்து சேரச் சொல்லியிருந்தான். "முழுகற படகுல கயித்தக் கட்டிகினு குந்திகீறியே, உனக்கு மூளகீதா?" என்று கேட்டார் அப்பா. பொங்கல் வரைக்கும் பொறு நைனா என்றான் இவன். அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது.

மார்கழியில் ஏரியில் பனி இறங்கும். சில விடியற்காலைகளில் படகின் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் நிற்பவன் தெரிய மாட்டான். டீசல் படகு என்றால் சத்தமே வழி விலக்கிவிடும். கழி ஊன்றிப் போகிறவர்கள் 'ஓ'வென்று குரல் கொடுத்துக்கொண்டே போவார்கள். அப்படிப் பனி மூடிய ஒரு காலையில், மோட்டார் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பார்க்கத் தமிழ்வாணனே ஓட்டினான். சின்னதம்பிக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது. முன்னால் கழியோடு நின்றவர், "கொரல் குட்துகினே வா நெல்லு" என்று கரகரத்தார்.

அவன் இரண்டு தடவை 'ஓ' என்றான். தன் குரல் தனக்கே கேட்கச் சகிக்கவில்லை. படித்தவன், கம்பெனிச் சட்டை போட்டவன், மாடு மேய்க்கிறவன் மாதிரி ஏரி நடுவில் கத்துவதா என்று கூச்சமாகிவிட்டது. மோட்டார் படகுக்கு எதற்குக் குரல் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். தண்ணீர் பிளக்கிற சத்தம்கூட இல்லாமல் படகு வழுக்கிக்கொண்டு போனது. எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று நெஞ்சு நிறைந்து போயிருந்தது அவனுக்கு.

அடுத்த நொடி வலை கிழிகிற சத்தம் கேட்டது. யாரோ அலறித் தண்ணீருக்குள் பாய்ந்தார்கள். சின்னதம்பி கழியை ஊன்றிப் படகை நிறுத்துவதற்குள், வலை கட்ட நட்டுவைத்த கொம்புகளைச் சாய்த்துக்கொண்டு படகு வலைக்கு அந்தப் பக்கமே போய்விட்டிருந்தது. விசிறியில் வலை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. மார்பளவு தண்ணீரில் எழுந்து நின்றவர் அதே குப்பத்துக்காரர் தேசப்பன். படகின் விளிம்பு உரசித் தோளில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. ஒரு முழம் இப்படி நின்றிருந்தால் ஆள் போயிருப்பார்.

அது அன்றைக்கு தேசப்பனின் பாடு. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதற்கு அடித்துக்கொள்ளக் கூடாது என்று, இன்றைக்கு இன்ன குடும்பம் என்று குப்பத்தில் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். தன் பாடு வருகிற நாளுக்காக ஒரு குடும்பமே காத்துக்கிடக்கும்; ஒரு தடவை கைவிட்டுப் போனால் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் திரும்ப வரும். தேசப்பன் பாட்டில் விழ வேண்டிய இறால் எல்லாம், கிழிந்த வலை வழியாக முகத்துவாரத்தைப் பார்த்து ஓடிவிட்டது.

சாயங்காலம் கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. புது வலை வாங்கித் தருகிறேன், வைத்தியச் செலவையும் பார்த்துக்கொள்கிறேன் என்று மேடம் கைகூப்பினார். தேசப்பன் தோளில் கட்டோடு எழுந்து நின்றார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"வலைய யாரும்மா கேட்டா? வலைய நானே கோத்துப்பேன். என் பாடு போச்சே. அத்த எந்தக் கடையில வாங்கி வந்து குடுப்ப?"

தலைவர் கண்ணப்பன் ஊர் வழக்கத்தைச் சொன்னார். அடுத்தவன் பாட்டைக் கெடுத்தவன், தன் பாட்டை அவனுக்கு விட்டுத்தர வேண்டும். ஆகவே அடுத்து வருகிற சின்னதம்பியின் பாடு தேசப்பனுக்கு. இனிமேல் இந்த மோட்டார் ஏரியில் இறங்கக் கூடாது. தமிழ்வாணன் எழுந்து, ஓட்டினது நான்தான், சின்னதம்பி அண்ணன் குரல் கொடுக்கச் சொன்னார், நான்தான் கொடுக்கவில்லை என்று திக்கித் திணறிச் சொல்லிவிட்டான். படகு யாருடையதோ அவன்தான் பொறுப்பு, உட்கார் தம்பி என்று தலைவர் முடித்துவிட்டார். சின்னதம்பி சரியென்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க முடியாமல் தமிழ்வாணன் கோயில் வாசலிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டான்.

வெளியே சின்னதம்பியின் மனைவி முனியம்மா நின்றிருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தான். அவள் விடவில்லை.

"பாடு போனா போவுது. வூட்ல கஞ்சி குச்சிட்டுக் கெடப்போம். நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. டீசல் ஓடுறப்ப அந்தாண்ட முனையில வர்றப்பவே எனக்குத் தெரியும், எம் புருசன் வர்றான்னு. எத்தினி படகு ஓடினாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அப்பத்தான் அடுப்பப் பத்த வெப்பேன். உன் மோட்டாரு வந்ததுலருந்து, பனி எறங்குற அன்னிக்கெல்லாம் கரையில நின்னுகினு தண்ணியவே பாத்துகினு கீறேன். வர்றானா இல்லியான்னு யாருக்குத் தெரியும்? உங்க கம்பெனியில யாராச்சும் அத்தக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை. தமிழ்வாணன் பைக்கை எடுத்தான்.

வீட்டில் அம்மா திரௌபதி சோறு போட்டாள்; இறங்கவில்லை. அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, போனது போகட்டும், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, இத்தோடு விட்டதே சனியன் என்றார். ஓரகடத்துக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் தமிழ்வாணனுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டான். கம்பெனி போனால் இன்னொரு கம்பெனி. சின்னதம்பியின் பாடு? தன் வாய்க்கூச்சத்துக்கு அவர் குடும்பம் கொடுத்த விலையை வைத்துக்கொண்டு ஓரகடத்தில் போய் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு நிற்பதா? நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

விடிந்ததும் வயல் பக்கம் போனான். கதிர் பால் பிடித்திருந்த நேரம். கிளி, குருவி விரட்ட அப்பா ஒரு கழியின் மேல் எண்ணெய் டின்னை வெட்டித் தகரமாக்கி மாட்டியிருந்தார். காற்றில் ஒரு சின்ன விசிறி சுற்றும். சுற்றச் சுற்ற ஒரு மரக்கட்டை தகரத்தில் தட்டும். டகடக டகடக என்று ஓயாமல் ஒரு சத்தம். பஸ் ரோட்டில் போகிறவன்கூட அதைக் கேட்டால் இது சிவகுமார் கொல்லை என்று சொல்லுவான். பக்கத்து வயல் தகரத்துக்கு வேறு சத்தம், அதற்கு அடுத்ததற்கு வேறு. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், இதுநாள் வரை அதைக் கவனித்ததில்லை.

வரப்பில் சற்று நேரம் நின்றான். பிறகு சேற்றில் இறங்கிப் போய்த் தகரத்தைக் கழற்ற ஆரம்பித்தான். அப்பா வரப்பில் ஓடிவந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். கழற்றிக்கொண்டு போ ராஜா, கிளியெல்லாம் வந்து உன் கம்பெனி பேரைச் சொல்லித் தின்னட்டும் என்றார். சொன்னாரே தவிர, இறுகிப்போயிருந்த கடைசி ஆணியைக் குறட்டால் பிடுங்கிக் கொடுத்தது அவர்தான்.

கொட்டகையில் தகரத்தை மேசைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னபோது மேடத்தின் முகம் போன போக்கு! கேட்டு முடித்ததும் எழுந்து நின்றார்.

"தமிழ், இந்த மோட்டார்ல இருந்து சத்தத்தை எடுக்கிறதுக்கு மூணு வருஷம் ஆச்சு எனக்கு. சத்தமில்லாததுதான் இதோட பெருமையே. அதுல நீ கிளி ஓட்டற தகரத்தைக் கட்டணும்ங்கிற."

"ஆமா மேடம்" என்றான்.

அவர் விருட்டென்று வெளியே போனார். கொட்டகை வாசல்படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வது உள்ளேயிருந்தே தெரிந்தது. தமிழ்வாணனுக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. டீ ஆறிப்போய் ஆடை கட்டுகிற நேரம் கழித்து அவர் உள்ளே வந்தார். ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே மாட்டுவது என்று கேட்டார்.

மாட்டுவது ஒன்றும் லேசான காரியமாக இல்லை. மோட்டாரின் தண்டில் ஒரு பல் வைத்து, அது சுற்றும்போதெல்லாம் கட்டையைத் தூக்கித் தகரத்தில் போடுகிற மாதிரி செய்ய வேண்டும். முதல் தகரம் அரை மணியில் பிய்ந்துகொண்டு பறந்தது. அடுத்தது பேய் பிடித்த மாதிரி அலறியது. அந்தச் சத்தத்தில் கடைத்தெரு நாய்களெல்லாம் வாசலில் கூடிவிட்டன. கட்டையை மாற்றினார்கள், தகரத்தை மடித்துப் பார்த்தார்கள், தண்ணீர்த் தொட்டியில் விட்டுவிட்டு இருவரும் கொட்டகையின் அந்தக் கோடியில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். மார்கழி கரைந்துகொண்டே வந்தது. இடையில் சின்னதம்பியின் பாடு வந்தது. அதில் தேசப்பன் வலை போட்டார். அன்றைக்குத் தமிழ்வாணன் ஏரிப்பக்கமே போகவில்லை, நாள் முழுக்க அரத்தால் இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஒரு சத்தம் அமைந்தது. அச்சு அசல் அப்பாவின் வயல் சத்தம்.

தலைவர் கண்ணப்பனிடம் போய் ஒரே ஒரு தடவை ஓட்டிக்காட்ட விடுங்கள் என்று கேட்டார்கள். அவர் தேசப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார். தேசப்பன் பீடியை இழுத்து முடித்துவிட்டு, போகிக் காலையில் பார்க்கலாம் என்றார். அன்றைக்குப் பனியோடு கொளுத்துகிற புகையும் சேர்ந்து ஏரியை மூடிக்கொள்ளும். அந்தப் புகைமூட்டத்துக்குள் தான் தண்ணீரில் இறங்கி நிற்பதாகச் சொன்னார். எங்கே நிற்பேன் என்று சொல்ல மாட்டாராம். மோட்டார் வருவது தூரத்திலேயே தெரிந்தால் ஓடட்டும், தெரியாவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம்.

"சின்னதம்பி வேணாம்" என்று கடைசியாக ஒரு வார்த்தை சேர்த்தார். "அவன் கண்ண மூடிகினே என்னக் கண்டுபுடிச்சிடுவான். நெல்லு மட்டும் வரட்டும்."

போகியன்று காலை குப்பத்துத் தெருவெல்லாம் பழம்பாயும் கிழிந்த கூடையும் எரிந்துகொண்டிருந்தன. கரையில் ஊரே நின்றது; ஆனால் யார் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை, அப்படிப் புகை. மேடம் அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டு விலகி நின்றார். தமிழ்வாணன் செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டான். படகைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினான். மோட்டாரைத் திருகியதும் டகடக டகடக என்று வயல் சத்தம் கிளம்பியது. அதைக் கேட்டதும் பயம் கொஞ்சம் அடங்கியது.

கரை மறைந்தது. முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை. இந்தப் பனிக்குள் எங்கேயோ ஒரு மனிதன் மார்பளவு தண்ணீரில் தன்னை நம்பி நிற்கிறான் என்கிற நினைப்பு அவனை ஒரு இடத்தில் உட்காரவிடவில்லை. எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். தகரம் தட்டிக்கொண்டே வந்தது. கொம்புகள் நட்டிருக்கும் பக்கம் நெருங்கிவிட்டதாக அவனுக்குத் தோன்றிய நேரம், டங்கென்று ஒரு சத்தம். தகரம் பிய்ந்து படகுக்குள்ளேயே விழுந்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சமும் சத்தமில்லாமல், எப்போதும்போல அழகாக.

நிறுத்தினால் தோற்றான். சோதனையே மோட்டாருக்குத்தான். மெல்ல ஓட்டிக்கொண்டே ஒரு கையால் தகரத்தை எடுத்து மாட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி ஒரு எண்ணம் வந்தது உண்மைதான். வந்த அதே நொடியில் அவன் கை மோட்டாரை அணைத்துவிட்டது. வாயைத் திறந்து கத்தினான். ஓஓய் என்று, சின்ன வயதில் அப்பாவோடு வரப்பில் நின்று கிளியை விரட்டக் கத்துவானே, அந்தக் கத்தல். தொண்டை கிழியக் கத்தினான். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் படகின் விளிம்பில் மடார் மடாரென்று அடித்தான். கம்பெனி போயிற்று, பொங்கல் கழிந்தால் ஓரகடம், மேடத்தின் மூன்று வருஷம் தண்ணீரில் போயிற்று. எல்லாம் தெரிந்துதான் கத்தினான். கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது, அதைத் துடைக்கக்கூட அடிப்பதை நிறுத்தவில்லை.

"போதும்பா, காது பூட்சி."

கைக்கெட்டுகிற தூரத்திலிருந்து வந்தது குரல். பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு படகைப் பிடித்தது. மோட்டார் அணைந்த படகு மிதந்து வந்து தேசப்பன் எதிரிலேயே நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால்? தமிழ்வாணன் பலகையில் உட்கார்ந்துவிட்டான். தேசப்பன் எக்கி ஏறிப் படகுக்குள் வந்தார். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே கீழே கிடந்த தகரத்தைப் பார்த்தார்.

"புட்டுகிச்சா?"

"ஆமாண்ணே."

"மோட்டார நிறுத்துன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலண்ணே."

தேசப்பன் தகரத்தை எடுத்து ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். இதற்கு ஒற்றை ஆணி பத்தாது என்றார். இடுப்பில் சொருகியிருந்த நைலான் கயிற்றை எடுத்து, வலைக்குப் போடுகிற முடிச்சுப் போட்டுத் தகரத்தை இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, இப்போது விடு, கரைக்குப் போகலாம் என்றார். தமிழ்வாணன் மோட்டாரைத் திருகினான். டகடகவென்று பனிக்குள் சத்தம் கிளம்பிப் போனது.

கரையில் இறங்கியதும் தேசப்பன் எதையும் மறைக்கவில்லை. தகரம் பாதியிலேயே பிய்ந்துவிட்டது, வெள்ளோட்டம் உருப்படவில்லை என்றார். மேடம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "ஆனா, தகரம் நின்ன உடனே இவன் மோட்டார அமத்திட்டுக் கொரல் குட்தான்" என்றார் தேசப்பன். "தூக்க எட்து அடிச்சான். கத்தின கத்துல எனக்குக் காதே அடச்சிகிச்சு. தகரத்துக்கு ரெட்ட ஆணி போடச் சொல்லுங்க. ஏரியில ஓடட்டும்."

தலைவர் கண்ணப்பன் கூட்டத்தைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. தமிழ்வாணனின் பையில் போன் அதிர்ந்தது, அப்பாவாகத்தான் இருக்கும். எடுத்து என்ன சொல்வது என்று யோசித்தபடி அவன் கண் கரையோரம் முனியம்மாவைத் தேடியது. பனி இறங்குகிற நாளெல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று மனசு சுருங்கிவிட்டது. சின்னதம்பியிடம், அக்கா வரவில்லையா என்று கேட்டான்.

"இம்மா நேரம் இங்கதான் நின்னுகினு இருந்தா" என்றார் சின்னதம்பி. "தகர சத்தம் கேட்டுதா, நெல்லு வர்றான், அடுப்பப் பத்த வெக்கணும்னு சொல்லிட்டு வூட்டுக்குப் பூட்டா."